மிளகுக்கு வந்த தம்பதியர்



பழைய ரோமானியக் காசு சேர்ப்பவர்களில் பல ரகம் உண்டு. அகஸ்டஸ் தொடங்கிப் பேரரசர் ஒவ்வொருவருக்கும் ஒரு காசு என்று வரிசைகட்டி அடுக்குகிறவர்கள் ஒரு ரகம். கப்பல், யானை, கோயில் என்று உருவம் பார்த்துச் சேர்க்கிறவர்கள் இன்னொரு ரகம். மூன்றாவது ரகத்தார் ஜோடி தேடுகிறவர்கள். அந்தோனியும் கிளியோபாத்ராவும், க்ளாடியஸும் அக்ரிப்பினாவும், செவேரஸும் யூலியா டோம்னாவும் என்று கணவன் மனைவியரைத் தேடித் தேடி வாங்குவார்கள். ஐரோப்பிய ஏலப் பட்டியல்களில் இந்தக் காசுகளுக்குப் பக்கத்தில் காதல் கதை ஒன்றைச் சேர்த்து அச்சிடுவது வழக்கம். விலையும் கதைக்கேற்ப ஏறும்.

மதுரையிலும் இந்த ஆசை உள்ளவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் கொஞ்சம் உண்டு. ஆனால் வைகைக் கரையிலிருந்து பார்க்கும்போது இந்தத் தம்பதியர் வேறு மாதிரி தெரிகிறார்கள். இவர்களில் சிலர் உண்மையாகவே நம் ஊர்ப்பக்கம் வந்தவர்கள். மிளகுக்கும் முத்துக்கும் துணிக்கும் விலையாக, எடை பார்க்கப்பட்ட பொன்னாகவும் வெள்ளியாகவும் வந்தவர்கள். ரோமாபுரியின் அக்கசாலை இவர்களைக் காசில் பொறித்ததற்கும் காதல் காரணமில்லை. யார் மகன், யாருக்குப் பிறகு யார், அரியணை யாருக்குச் சேரும் என்று ஊருக்கு அறிவிப்பதற்காகப் பொறித்தார்கள். சொத்து வழக்குப் பத்திரத்தைப் படிப்பதுபோல இந்தக் காசுகளைப் படிக்க வேண்டும் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

எல்லோருக்கும் தெரிந்த ஜோடியிலிருந்து தொடங்கலாம். கி.மு. 32 வாக்கில் மார்க் அந்தோனி வெளியிட்ட வெள்ளித் தினாரியஸ் ஒன்று. ஒரு பக்கம் அந்தோனியின் தலை. அர்மீனியாவை வென்ற செய்தி சுற்றிலும் எழுதியிருக்கும். மறுபக்கம் கிளியோபாத்ரா, முன்னால் சிறியதாக ஒரு கப்பல் முகப்பு. அவளை அரசர்களுக்கெல்லாம் அரசி என்றும், அவளுடைய பிள்ளைகளை அரசர்கள் என்றும் அந்தப் பக்கத்து எழுத்து சொல்கிறது. பிள்ளைகளைக் கவனியுங்கள். அந்தக் காசின் வேலையே அதுதான். திரைப்படத்தில் பார்த்த அழகியை எதிர்பார்த்து இந்தக் காசை வாங்குகிறவர்கள் கொஞ்சம் ஏமாந்து போவார்கள். வளைந்த மூக்கும் துருத்திய தாடையுமாக அவளும் கிட்டத்தட்ட அந்தோனியின் சாயலிலேயே இருப்பாள்.

இந்தக் காசைத் தமிழ்நாட்டுப் புதையல்களில் தேடிப் பயனில்லை. நம் பக்கம் வந்த வெள்ளி பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. ஆனால் பிந்திய வெள்ளி இங்கே வந்து சேர வழி திறந்ததே இந்த ஜோடியின் வீழ்ச்சிதான். கி.மு. 31இல் ஆக்டியம் கடற்போரில் அந்தோனி தோற்றார். மறு ஆண்டு எகிப்து அகஸ்டஸின் கைக்குப் போனது. செங்கடல் துறைமுகங்கள் ரோமானியருக்கு உரியவை ஆயின. அதன்பின் மையோஸ் ஹோர்மோஸ் துறையிலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் புறப்பட்டதாகப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். அகஸ்டஸுக்குப் பாண்டியன் தூது அனுப்பிய செய்தியையும் அவரே பதிந்திருக்கிறார். சிலர் போரஸ் என்பார்கள் என்று ஒரு வாலையும் சேர்த்திருக்கிறார். பின்னர் ரோமானிய எழுத்தாளர் பிளினி, பாண்டியன் கடற்கரைச் சந்தையிலிருந்து வெகுதொலைவில் உள்நாட்டில் மோதுரா என்னும் ஊரில் இருக்கிறான் என்கிறார். தாலமியின் புவியியலிலும் அதே மோதுரா, பாண்டியனின் தலைநகராக. நம் பக்கத்துச் சாட்சியும் உண்டு: யவனர் கப்பல்கள் பொன்னைக் கொண்டுவந்து மிளகை ஏற்றிப்போன செய்தி அகநானூற்றில், மதுரைக் கோட்டை வாயிலில் யவனர் காவல் நின்ற செய்தி சிலப்பதிகாரத்தில்.

இனி எந்தக் காசுகள் வந்தன என்று பார்ப்போம்.

கொங்கு நாட்டு வெள்ளிப் புதையல்களில் இரண்டு வகைகள் திரும்பத் திரும்பக் கிடைக்கின்றன. முதலாவது அகஸ்டஸ் காலத்தது. பின்பக்கத்தில் இரண்டு இளைஞர்கள் கேடயமும் ஈட்டியுமாக நிற்பார்கள்: காயுஸ், லூசியஸ். அகஸ்டஸின் மகள் யூலியா பெற்ற பிள்ளைகள். தாத்தா பேரன்களைத் தத்தெடுத்து வாரிசாக்கினார். கி.பி. 2இல் ஒருவன் இறந்தான், கி.பி. 4இல் மற்றவன். வாரிசு அறிவிப்பாக அடித்த காசு வாரிசுகள் போனபிறகும் இந்தியாவுக்கு வந்துகொண்டே இருந்தது.

இரண்டாவது வகை தைபீரியஸுடையது. முன்பக்கம் அவர் தலை. பின்பக்கம் நாற்காலியில் ஒரு பெண்மணி, ஒரு கையில் செங்கோல், மறுகையில் கிளை. பெரும்பாலான அறிஞர்கள் இவளை லிவியா என்றே கொள்கிறார்கள்: அகஸ்டஸின் மனைவி, தைபீரியஸின் தாய். விவிலியத்தில் வரிகொடுப்பது பற்றி இயேசு கையில் வாங்கிப் பார்த்த தினாரியஸ் இதுதான் என்பது மரபு. அதனால் மேலை நாடுகளில் இதற்குத் தனி மவுசு. லிவியா அகஸ்டஸை மணந்தபோது அவளுக்கு முதல் கணவன் வழியாகத் தைபீரியஸ் பிறந்திருந்தான்; வயிற்றில் இன்னொரு பிள்ளையும் இருந்தது. இந்த வயிற்றுப்பிள்ளையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருவான். அகஸ்டஸுக்குத் தைபீரியஸ் ரத்த உறவில்லை. தைபீரியஸின் அரியணை உரிமை முழுவதும் தாய் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததால் கிடைத்தது. எனவே மகன் ஒரு பக்கம், தாய் மறுபக்கம். தந்தை படம் வேண்டியதில்லை. தாய் எந்த வீட்டு விதவை என்று எல்லோருக்கும் தெரியும்.

இந்தக் கணக்கெல்லாம் இங்கே காசை வாங்கிய வணிகருக்குத் தெரிந்திருக்குமா? தேவையே இல்லை. பிளினி சொல்லும் ஒரு நிகழ்ச்சி இதற்கு நல்ல விளக்கம். க்ளாடியஸ் காலத்தில் ஆன்னியுஸ் ப்ளோகமுஸ் என்பவரின் பணியாள் ஒருவன் காற்றில் அடிபட்டு இலங்கையில் கரை ஒதுங்கினான். அவனிடமிருந்த தினாரியஸ்களை இலங்கை மன்னன் வாங்கிப் பார்த்தான். முகங்கள் வேறு வேறாக இருந்தன. ஆகவே வேறு வேறு ஆட்சிகளில் அடிக்கப்பட்டவை. ஆனால் எடை மட்டும் ஒன்றுபோல் இருந்தது. ரோமானியர் நேர்மையானவர்கள் என்று வியந்து தூதர்களை அனுப்பினானாம். பிளினி தம் மக்களைப் பெருமைப்படுத்த எழுதியது என்று கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். ஆனாலும் வாங்குகிறவன் பார்வை அதில் சரியாகப் பதிவாகியிருக்கிறது: முகத்தைப் பார்த்தான், தராசை நம்பினான்.

அந்த நம்பிக்கையைக் கெடுத்தவர் நீரோ. கி.பி. 64இல் அவர் பொற்காசின் எடையைக் குறைத்தார்; ஒரு ராத்தல் பொன்னில் 40 காசு அடித்த இடத்தில் 45 அடிக்கவைத்தார். வெள்ளிக் காசிலும் எடை குறைந்தது, தரமும் இறங்கியது. நம் வெள்ளிப் புதையல்கள் பெரும்பாலும் இந்த ஆண்டுக்கு முந்திய காசுகளாகவே இருக்கின்றன. கோயம்புத்தூருக்கு அருகே வெள்ளலூரில் 1842இல் கிடைத்த 522 வெள்ளிக் காசுகள் அதற்கு நல்ல உதாரணம். பழைய கனத்த தினாரியஸையே இங்குள்ளவர்கள் கேட்டு வாங்கினார்கள் என்று தோன்றுகிறது. கலப்படம் கண்டுபிடிப்பதில் நகைக்கடை வீதிக்காரர்கள் அன்றும் சளைத்தவர்கள் அல்லர்.

பொன்னுக்கு வருவோம். இந்தியா ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டெர்ஸை ரோமானியரிடமிருந்து உறிஞ்சுகிறது என்று பிளினி புலம்புகிறார். நூறு செஸ்டெர்ஸ் ஒரு பொற்காசு. கணக்குப் போட்டால் ஐந்து லட்சம் பொற்காசுகள். ஒன்று ஏறக்குறைய 7.8 கிராம் என்றால் 3,900 கிலோ தங்கம். பிளினி ஒழுக்கம் போதிக்க எண்களைப் பெருக்கியிருப்பார் என்று சந்தேகிக்கிற ஆய்வாளர்கள் பலர். நானும் அவர்கள் பக்கம்தான். ஆனால் பாதியாகக் குறைத்தாலும் சிறிய தொகை அல்ல.

பழனிப் பக்கத்துக் களியம்புத்தூர் அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது. 1856இல் அங்கே ஒரு கலயத்தில் 63 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. 1898இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் கருக்காக்குறிச்சியில் கிடைத்தவை 501. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜி. எஃப். ஹில் இதை ஆராய்ந்து எழுதினார். தேய்ந்துபோன காசுகள், வெஸ்பாசியன் காலத்தோடு நிற்பவை. இவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. ஏன் வெட்டினார்கள் என்பதற்கு விளக்கங்கள் பல: தேய்ந்த காசைச் செலாவணியிலிருந்து நீக்க வெட்டினார்கள், உள்ளே செம்பு இருக்கிறதா என்று சோதிக்க வெட்டினார்கள், அயல் மன்னன் முகம் தம் நாட்டில் செல்லக்கூடாது என்று வெட்டினார்கள். முதல் விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. முலாம் பூசிய காசைச் சோதிக்க ஓரத்தில் ஒரு கீறல் போதும். இத்தனை காசுகளில் முகத்தைத் தேடி ஒரே மாதிரி வெட்டு விழுந்திருப்பது ஓர் ஆணையின் விளைவு போலத் தெரிகிறது.

இந்தப் பொற்காசுகளுக்கு நடுவேதான் நான் மிகவும் விரும்பும் தம்பதியர் இருக்கிறார்கள். ஒரே காசில் சேர்ந்து இருப்பவர்கள் அல்லர். ஆளுக்கு ஒரு காசு. கணவர் துரூசஸ். லிவியாவின் வயிற்றில் இருந்தபடியே அகஸ்டஸ் வீட்டுக்கு வந்தானே, அந்தப் பிள்ளை. மனைவி அந்தோனியா. துரூசஸ் ஜெர்மானியப் போரில் குதிரையிலிருந்து விழுந்து கி.மு. 9இல் இறந்தார். அந்தோனியாவுக்கு அப்போது இருபத்தேழு வயதுதான் இருக்கும். அகஸ்டஸ் மறுமணம் செய்யச் சொல்லியும் அவள் மறுத்துவிட்டாள். கி.பி. 37இல் இறந்தாள். இவர்கள் மகன் க்ளாடியஸ். காலை இழுத்து நடப்பவர், திக்கிப் பேசுபவர், அரசாளத் தகுதியற்றவர் என்று குடும்பமே ஒதுக்கிவைத்த பிள்ளை. கி.பி. 41இல் காவற்படை அவரைத் திடீரென்று பேரரசராக்கியது. உடனே அவர் செய்தவற்றில் ஒன்று, தந்தைக்கும் தாய்க்கும் தனித்தனிக் காசு வெளியிட்டது. துரூசஸ் காசின் பின்பக்கம் ஜெர்மானிய வெற்றி வளைவு. அந்தோனியா காசின் பின்பக்கம் மன உறுதி என்ற தேவதை, இன்னொரு வகையில் இரண்டு தீவட்டிகள். நான் தெருவில் கிடந்து வந்தவன் இல்லை, என் அப்பா அம்மா யார் என்று பாருங்கள் என்பதுதான் அதன் பொருள்.

தென்னிந்தியப் பொற்குவியல்களில் துரூசஸும் வருகிறார், அந்தோனியாவும் வருகிறாள். இந்த அந்தோனியா யார் மகள்? மார்க் அந்தோனியின் மகள். கிளியோபாத்ராவுக்குப் பிறந்தவள் அல்ல. அகஸ்டஸின் தமக்கை ஒக்டாவியாவுக்குப் பிறந்தவள். அந்தோனி ஒக்டாவியாவை விலக்கியதும் கி.மு. 32இல்தான், கிளியோபாத்ரா முகத்தோடு தினாரியஸ் வெளிவந்த அதே காலம். அந்தோனியும் கிளியோபாத்ராவும் நம் மண்ணுக்கு வரவில்லை. கைவிடப்பட்ட மனைவியின் மகள் பொன்னில் ஏறிப் புதுக்கோட்டை வரை வந்துவிட்டாள். போரில் தோற்ற அந்தோனியின் ரத்தம்தான் பிறகு அரியணையில் உட்கார்ந்தது: க்ளாடியஸ் பேரன், கலிகுலா கொள்ளுப்பேரன், நீரோவுக்கும் இருவழியாக அதே கொடி. அரசர்களின் அரசி என்று பட்டம் போட்டு அடித்த காசு சாதிக்காததை ஒக்டாவியாவின் பெண்கள் சாதித்தார்கள். வாரிசுப் போட்டியை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் வரலாற்று நூலை நான் படித்ததில்லை.

அந்தோனியாவுக்கு நம்மோடு இன்னொரு தொடர்பும் உண்டு. எகிப்தில் அவளுக்குச் சொத்துகள் இருந்தன. அவள் சொத்துகளைக் கவனித்தவர் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த அலெக்சாந்தர் என்னும் யூதப் பெருஞ்செல்வர் என்று வரலாற்றாசிரியர் ஜோசஃபஸ் எழுதுகிறார். அலெக்சாந்தரின் மகன் மார்க்குஸ் யூலியுஸ் அலெக்சாந்தர். எகிப்தின் கொப்தோஸிலிருந்து செங்கடல் துறைமுகங்களுக்கு ஒட்டகத்தில் சரக்கு அனுப்பிய நிக்கானோர் என்பவரின் ரசீதுகள் பானை ஓடுகளில் கிடைத்திருக்கின்றன. அவற்றில் இந்த மகனின் பெயர் வருகிறது. இந்திய வணிகத்துக்குப் புறப்படும் துறைமுகங்களில் அவருக்கு ஆட்கள் இருந்திருக்கிறார்கள். காசில் முகமாக வந்த அம்மையாரின் கணக்குப்பிள்ளை வீட்டுப் பணமும் அந்தக் கப்பல்களில் ஏறியிருக்கலாம் என்று ஊகிக்க இடமிருக்கிறது. ஊகம் என்றே வைத்துக்கொள்வோம்.

அடுத்த தம்பதியர் க்ளாடியஸும் அக்ரிப்பினாவும். இவர்கள் ஒரே காசில் சேர்ந்து வருகிறார்கள்: முன்னால் அவர், பின்னால் கதிர்மாலை சூடிய அவள். உயிரோடிருக்கும் பேரரசரின் மனைவி முகம் ரோமாபுரியின் பொற்காசிலும் வெள்ளிக் காசிலும் இவ்வளவு மரியாதையோடு ஏறியது புதுமை. அக்ரிப்பினா க்ளாடியஸின் அண்ணன் ஜெர்மானிக்கஸின் மகள். அதாவது சிறிய தகப்பனார் அண்ணன் மகளைக் கட்டிக்கொண்டார். ரோமானியச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. கி.பி. 49இல் செனட் சபை சட்டத்தை மாற்றியது. மாற்றியபிறகு இந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ள விரும்பியவர் ஒரே ஒருவர்தான் என்று டாசிட்டஸ் குத்தலாக எழுதுகிறார்.

மதுரைக்காரர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. செனட் அனுமதித்தது அண்ணன் தம்பி மகளை மட்டும். அக்காள் தங்கை மகளை மணப்பது அப்போதும் குற்றமாகவே நீடித்தது. இரண்டாம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் காயுஸ் இதைத் தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறார். நம் ஊரில் நேர் எதிர். அக்காள் மகளைத் தாய்மாமன் கட்டுவது பெருமைக்குரிய உரிமை. மறுத்தால் சண்டை வரும். அண்ணன் மகளோ சொந்த மகள். கல்யாணம் என்ற பேச்சே வாயில் வராது. அந்தக் காசை இங்கே யாராவது புரிந்து படித்திருந்தால், இது என்ன ஊர் என்று தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். க்ளாடியஸின் பக்கம் நியாயம் தேடினால் அதுவும் வாரிசுக் கணக்குதான். அக்ரிப்பினா அகஸ்டஸின் நேர்ப் பேத்தி வழி. அவளை வேறொருவன் மணந்தால் அவன் போட்டிக்கு வந்துவிடுவான்.

கி.பி. 54இல் க்ளாடியஸ் இறந்தார். அக்ரிப்பினாவின் முதல் கணவனுக்குப் பிறந்த நீரோ, பதினாறு வயதில் பட்டத்துக்கு வந்தான். அந்த ஆண்டுக் காசில் தாயும் மகனும் நேருக்கு நேர் பார்த்தபடி இருக்கிறார்கள். முகங்களைச் சுற்றி எழுதியிருப்பது அவள் பெயர். மகன் பெயர் பின்பக்கத்துக்குப் போய்விட்டது. மறு ஆண்டு, 55இல், இருவரும் ஒரே திசை பார்க்கிறார்கள். மகன் முன்னால், தாய் பின்னால் பாதி மறைந்து. இப்போது முன்பக்க எழுத்து மகனுடையது. பின்பக்கத்தில் தெய்வமாக்கப்பட்ட க்ளாடியஸ் யானைகள் பூட்டிய தேரில் அகஸ்டஸோடு போகிறார். அதற்குப் பிறகு அவள் காசிலிருந்து காணாமல் போகிறாள். 59இல் மகனே ஆளனுப்பிக் கொன்றான். அரண்மனையில் யார் கை ஓங்கியது, எப்போது இறங்கியது என்பதை இரண்டு காசு பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே படித்துவிடலாம். ஜோடிக் காசு சேர்ப்பவர்கள் இதை ஒதுக்கிவிடுவார்கள், கணவன் மனைவி இல்லை என்று. ஒதுக்கக்கூடாது. அந்த வரிசையிலேயே மிகவும் பேசுகிற காசு இது.

மூன்றாம் நூற்றாண்டுத் தம்பதியரை விரைவாகக் கடக்கிறேன். கரகல்லாவுக்கும் ப்ளௌட்டில்லாவுக்கும் கலியாணம் ஆனபோது நித்திய ஒற்றுமை என்று எழுதி, வலக்கை பற்றி நிற்கும் ஜோடியாகக் காசு அடித்தார்கள். மூன்றாண்டில் அவளை நாடுகடத்தினான்; பிறகு கொல்லவைத்தான். வியாபாரிகள் இதைத் திருமணப் பரிசு என்று விற்கிறார்களாம். வாங்கிக்கொடுப்பவர் பின்கதையைப் படித்துவிட்டுக் கொடுப்பது நல்லது.

ரோமானியத் தலையைப் பார்த்து நம் மன்னர்கள் என்ன செய்தார்கள்? சேரர்கள் எடுத்துக்கொண்டார்கள். கரூர்ப் பக்கம் கிடைத்த வெள்ளிக் காசுகளில் மாக்கோதை, குட்டுவன் கோதை என்று தமிழி எழுத்தில் பொறித்த பெயர்களோடு ஆண் தலை இருக்கிறது. ரோமானிய முன்மாதிரி பளிச்சென்று தெரிகிறது. பாண்டியர்கள் அந்தப் பக்கம் போகவில்லை. தினமலர் ஆசிரியராக இருந்த நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் வெளிப்படுத்திய பெருவழுதிக் காசில் குதிரை இருக்கிறது, பெயர் இருக்கிறது, மறுபக்கம் மீன் சின்னம் இருக்கிறது, முகம் இல்லை. தலையை எடுத்துக்கொண்ட சேரரும் அரசியை எடுக்கவில்லை. பட்டத்து அரசியைக் காசில் கணவனோடு பார்க்க வேண்டுமானால் வடக்கே குப்தரிடம் போக வேண்டும்: முதலாம் சந்திரகுப்தன், குமாரதேவி. அங்கேயும் பின்பக்கத்தில் லிச்சவிகள் பெயர். மாமனார் வீட்டு வலிமையை மறக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

தெற்கே தம்பதியர் காசில் ஏறியது விஜயநகரக் காலத்தில். ஆனால் மன்னரும் அரசியுமாக அல்ல: உமையும் மகேசுவரனும், லட்சுமியும் நாராயணனும். இரு தேவியரோடு பெருமாள் நிற்கும் மூன்று சுவாமி வராகனைக் கிழக்கிந்தியக் கம்பெனியே சென்னையில் அடித்தது. இங்கே ஆட்சி உரிமைக்குச் சான்று கேட்டால் தெய்வத் தம்பதியைக் காட்ட வேண்டும். மனிதத் தம்பதி போதாது. புதுமண்டபத்தில் திருமலை நாயக்கர் தேவியரோடு நிற்கிறார், உண்மை. ஆனால் நிற்பது மீனாட்சி திருக்கல்யாணச் சிற்பம் இருக்கும் மண்டபத்தில், கைகூப்பியபடி.

அந்தத் திருக்கல்யாணச் சிற்பத்துக்கு ரோமானியக் காசில் ஓர் உறவினர் உண்டு. கி.பி. 450இல் பேரரசி புல்கேரியா மார்சியனை மணந்தபோது வெளியிட்ட பொற்காசு. மார்சியன் சாதாரணப் படைத்தலைவர். அரச குலத்தவள் புல்கேரியாதான். அவளை மணந்ததால்தான் அவருக்கு மகுடம். காசில் இருவரும் நிற்க, நடுவில் கிறிஸ்து நின்று இருவரையும் இணைத்துவைக்கிறார். பழைய ரோமானிய மரபில் ஒற்றுமைத் தேவதை நின்ற இடம் அது. அந்தக் காசு ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவின் ஹண்டேரியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மதுரையில் மீனாட்சியின் கையைப் பிடித்துச் சொக்கனிடம் ஒப்படைப்பவர் திருமால். கல்யாணத்துக்குத் தெய்வமே மூன்றாவது ஆளாக வந்து நிற்கும் அமைப்பு இரண்டிலும் ஒன்று. இரண்டிலும் அரசுரிமை பெண்ணிடம் இருக்கிறது, மாப்பிள்ளை வெளியூர். இதில் யாரும் யாரைப் பார்த்தும் செய்யவில்லை. பட்டம் பெண்வழி போகும்போது சாட்சிக்கு ஆள் பெரியவராக வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

கடைசியாக நம் ஊர்க் காசுக்கு வருகிறேன். மதுரைக்கென்றே உரியவை பொன்னும் வெள்ளியும் அல்ல, செம்பு. நான்காம் ஐந்தாம் நூற்றாண்டுச் சிறு செப்புக் காசுகள், சட்டைப் பொத்தானைவிடச் சிறியவை, நகருக்குள்ளும் வைகை மணலிலும் கிடைத்து வந்திருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கேப்டன் டஃப்னெல் இவற்றைப் பற்றி எழுதினார். 1904இல் ராபர்ட் சிவெல் இவற்றை வைத்து ஒரு வாதம் செய்தார்: பொன்னும் வெள்ளியும் பண்டத்துக்கு விலையாக வரலாம், அன்றாடச் சில்லறை வந்திருந்தால் அதைச் செலவழிக்கும் மக்களும் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். இன்று இதை அப்படியே ஏற்க முடியாது. இலங்கையிலும் இதே செப்புக் காசுகள் ஏராளம். உள்ளூரிலேயே இவற்றைப் போலச் செய்து புழங்கியிருக்கிறார்கள். வைகை கடலில் சேரும் பக்கத்து அழகன்குளம் அகழாய்விலும் இக்காலத்து ரோமானியச் செப்புக் காசுகள் கிடைத்தன. தென்னிந்தியாவில் கிடைத்த இந்தச் செப்புக் காசுகளைச் சேர்த்து, படம் பிடித்து, நூலாக்கியவரும் இரா. கிருஷ்ணமூர்த்தியே.

இந்தச் செம்பில் கணவன் மனைவி ஜோடியைத் தேடுகிறவருக்கு ஏமாற்றம்தான். கிடைக்கும் ஜோடி இரண்டு பேரரசர்கள்; பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரு உருண்டையைப் பிடித்திருப்பார்கள். மேற்கே சித்தப்பா ஹோனோரியுஸ், கிழக்கே அண்ணன் மகன் இரண்டாம் தியோடோசியுஸ். பங்காளிகள் ஒற்றுமையாக இருக்கிறார்கள் என்று காட்டுவதற்காக அடித்தது. தேய்ந்த காசில் அவர்கள் இரண்டு குச்சிகளாகவே தெரிவார்கள். ஏலப் பட்டியலில் இதற்கு விலையும் இல்லை, கதையும் இல்லை. ஆனாலும் மதுரைக்காரர் ஒருவர் ரோமானிய ஜோடிக் காசு ஒன்றை மட்டும் வைத்திருக்க ஆசைப்பட்டால் இதையே வைத்திருக்கச் சொல்வேன். கிளியோபாத்ராவை லண்டனிலும் வாங்கலாம்.

சேர்ப்பவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். மண்ணுக்குள் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட பழம்பொருள் கிடைத்தால் ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். நூறாண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்யக் கூடாது. போலிகள் நிறைய. அச்சில் வார்த்த போலியில் ஓரத்தில் ஒரு கோடு ஓடும், பரப்பில் கொப்புளப் புள்ளிகள் இருக்கும், எடையும் ஒத்துவராது. நீரோவுக்கு முந்திய நல்ல தினாரியஸ் ஏறக்குறைய 3.7 கிராம் இருக்கும். தேய்மானத்துக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். அந்தோனி–கிளியோபாத்ரா காசை யாராவது மலிவாகத் தந்தால் விசாரிக்கவே வேண்டாம், நடையைக் கட்டுங்கள்.

பாட்டி காலத்துக் காசுமாலையில் வளையம் பற்றவைத்த அயல்முகக் காசு ஒன்று இருக்கும் வீடுகள் இந்தப் பக்கத்தில் இன்னும் இருக்கலாம். ரோமானியப் பொற்காசுகளைத் துளையிட்டும் வளையம் வைத்தும் நகையாக அணிந்ததற்குப் புதையல்களிலேயே சான்று உண்டு. அப்படி ஒன்று இருந்தால் விற்பதும் வைத்திருப்பதும் உங்கள் முடிவு. உருக்குவதற்கு முன் இரு பக்கமும் படம் எடுங்கள், எடை குறியுங்கள், எந்த ஊரிலிருந்து எந்தத் தலைமுறையில் வீட்டுக்கு வந்தது என்று பெரியவர்களைக் கேட்டு எழுதிவையுங்கள். ஊர்ப்பெயர் தெரியாத அந்தோனியாவைவிடக் கருக்காக்குறிச்சியில் வெட்டுப்பட்ட அந்தோனியா எங்களுக்குப் பல மடங்கு உதவுவாள். தமுக்கத்துப் பக்கம் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தில் காட்டினால் பார்த்துச் சொல்வார்கள். வெள்ளிக் காசோ செப்புக் காசோ கிடைத்தால், தயவுசெய்து, புளி போட்டுத் துலக்காதீர்கள்.